திருநீறு பூசிய மருந்துப் பெட்டி

மெஹராஜ் வாயைத் திறந்தால் பாதி நிஜம், பாதி மசாலா என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. மறுக்க மாட்டேன். ஆனால் போன ஐப்பசியில் நடந்த இதில் ஒரு சிட்டிகை மசாலாவும் கிடையாது. நம்பாதவர்கள் என்னோடு இருந்த லோகப்பிரியாவைக் கேளுங்கள். இன்றைக்கும் தரையில் தண்ணீர் சிந்தினால் அவள் முகம் வெளுத்துப்போகிறது.

லோகப்பிரியா பக்கத்து வீட்டுக்காரி. அவள் மகள் கயல்விழிக்கு ஏழு வயது. உக்கடம் குளக்கரையில் ஒரு தெருநாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. மூன்று பல் ஆழமாக இறங்கியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் இலவசமாகவே ஊசி போடுவார்கள். நான்தான் ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். நம்ம நவநீத் வேலை பார்க்கிற நர்சிங் ஹோம் இருக்கும்போது அங்கே போய் எதற்கு வரிசையில் நிற்பது என்றேன்.

நவநீத் எங்கள் தெருப் பையன். மருந்துக்கடை, ஊசி அறை, பில் எல்லாம் அங்கே அவன் கையில். பெருநாள் தவறாமல் என் வீட்டில்தான் பிரியாணி. அவன் தட்டுக்கு நல்ல கறித்துண்டாகப் பொறுக்கி வைப்பேன்.

டாக்டர் இரண்டு மருந்து எழுதினார். ஒன்று தடுப்பூசி, கையில் போடுவது. அது வேலை செய்யச் சில நாளாகும். அதுவரை பிள்ளையைக் காப்பாற்ற இன்னொன்று. வெறிநாய் விஷத்தை எதிர்க்கிற சக்தியை வேறொரு உடம்பிலிருந்து எடுத்து அடைத்த சின்னக் குப்பி. அதைப் பல் பட்ட இடத்திலேயே, புண்ணைச் சுற்றிலும் குத்திப் போட வேண்டும். லோகப்பிரியாவின் கம்மல் அடகுக்குப் போனது. பில்லில் குப்பிக்கு ஒரு விலை, அதைப் புண்ணில் போட்டதற்குத் தனியாக ஒரு கூலி.

நவநீத் ஃப்ரிட்ஜைத் திறந்து பெட்டியை எடுத்துக் காட்டினான். அட்டையின் மேல் மங்கலாக மூன்று வெள்ளைக் கோடு. திருநீறு.

"ஏன்டா, மருந்துக்கும் பூசை போட்டுத்தான் விக்கிறீங்களா?" என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை. ஊரில் எல்லார் மூஞ்சியையும் படிக்கிற நான், அன்றைக்கு அதைப் படிக்காமல் விட்டேன்.

பிள்ளை அழுவதை நீங்கள் பார்க்க வேண்டாம் என்று எங்களை வெளியே நிறுத்திவிட்டான். உள்ளே ஒரு தரம் வீறிட்டது. அவ்வளவுதான். காலில் கட்டோடு கயல்விழி வெளியே வந்தாள்.

"ரெண்டும் போட்டாச்சுங்கக்கா. அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க."

பின்பக்கத்து அறையில் உட்கார்ந்தோம். அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. வெளியே பேய் மழை. உள்ளே வந்தவர்கள் காலில் ஒட்டி வந்த ஈரம் தரையெல்லாம் தடம் தடமாகக் கிடந்தது.

அப்போதுதான் அவர் வந்தார். வயசானவர். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வேட்டியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. நடந்து வந்த வழியில் தடமும் இல்லை.

ஊரும் பேரும் கேட்காமல் யார் எதிரிலும் உட்காரும் பழக்கம் எனக்கில்லை. தாராபுரம் பக்கம், பேர் பொங்கியண்ணன் என்றார். குரல் வறண்டு கிடந்தது. உதடெல்லாம் வெடிப்பு.

"அம்மணி, அந்தக் காத்தாடிய நிறுத்துங்க. காத்து ஆகறதில்லீங்க."

நிறுத்தினேன். பாவமாக இருக்கிறதே என்று கயல்விழியின் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அவர் முகத்தைச் சட்டென்று சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தொண்டைக்குள் ஒரு சத்தம்... க்ர்க்... க்ர்க்...

லோகப்பிரியா என் கையைப் பிடித்தாள். அவள் விரல் சில்லிட்டிருந்தது.

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஊசி எங்க போட்டாங்க கண்ணு?"

கயல்விழி கையைக் காட்டினாள்.

"கடிச்ச எடத்துல?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"எனக்கும் கையிலதானுங்க போட்டாங்க..."

நான் கயல்விழியின் கட்டைப் பார்த்தேன்.

"திருநீறு பூசின பொட்டிதானுங்களே? அது என்ற மருந்துங்க, எனக்குன்னு வாங்குனது..."

கரண்ட் போனது.

இருட்டு. மழைச் சத்தம். என் கையிலிருந்த பாட்டில் நழுவியது. தண்ணீர் கொட்டி ஓடுகிற சத்தம்...

எதிரில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

பெஞ்சு காலி.

தண்ணீர் எதிர்ச் சுவர் வரைக்கும் ஓடியிருந்தது. பெஞ்சுக்கு முன்னால் மட்டும்... இரண்டு பாதம் அளவுக்கு... ஒதுங்கி ஓடியிருந்தது.

பிள்ளையின் கட்டைப் பிரித்தேன். மூன்று பல் தடம். அதைச் சுற்றி ஊசி பட்ட புள்ளி ஒன்றுகூட இல்லை.

"பெரியம்மா, எனக்கு ஒரு ஊசிதான் போட்டாங்க" என்றாள் கயல்விழி.

நேராக மருந்துக்கடைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தேன். அந்தப் பெட்டி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. மூன்று கோட்டோடு. திறந்து பார்த்தேன். குப்பியின் மூடி பிரியவில்லை.

"மெஹராஜக்கா... டாக்டருக்குத் தெரிய வேண்டாங்க."

பின்னாலேயே வந்த நவநீத் சொன்னது அது ஒன்றுதான். பிள்ளைக்கு என்னாகும் என்று கேட்கவில்லை. என் கையால் தின்ற வாய்.

பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே வேறு குப்பி எடுத்து, புண்ணைச் சுற்றிக் குத்திக் குத்திப் போட்டார்கள். கயல்விழி ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினாள். அந்தக் கத்தலைக் கேட்டுத்தான் லோகப்பிரியாவுக்கு மூச்சு வந்தது. பிள்ளை இன்றைக்கு நன்றாக இருக்கிறாள்.

புகார் கொடுத்தோம். அவன் வேலை போனது. இப்போது வேறு ஊரில் வேறு மருந்துக்கடையில் நிற்கிறானாம். இது எப்படி, கேட்க நன்றாக இருக்கிறதா?

நான் சும்மா இருக்கிற ஆளா? ஊரும் பேரும் கையில் இருந்தது. தாராபுரத்தில் என் நாத்தனார் இருக்கிறாள். விசாரித்து, அந்த வீட்டுக்கே போனேன். சுவரில் மாலை போட்ட படம். அதே முகம். அதே துண்டு.

அவர் மனைவி செல்லாத்தாளிடம் பெஞ்சு, தண்ணீர் எதையும் நான் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் எடுத்து வைத்தேன். அந்த அம்மா விரலால் கோட்டைத் தடவினார்.

"சென்னிமலைத் திருநீறுங்க. நாந்தான் பூசி அந்த ஊசி போடற பையன் கையில குடுத்தேன். எங்கூட்ல எந்த மருந்தானாலும் சாமிய நெனச்சுப் பூசிப்போட்டுத்தானுங்க ஒடம்புக்குள்ள போகோணும்."

நாய் கடித்து, வைகாசியில் போய்விட்டாராம். கடைசி இரண்டு நாள் தண்ணீரைக் கண்டாலே அலறினாராம். அதற்கு நடுவில் ஒரு தரம் மட்டும் தெளிவாகப் பேசினாராம்.

"என்ன சொன்னாருங்க?"

"'என்ற மருந்த யாருக்காச்சும் போட்டாங்களான்னு பாத்துப்போட்டு வாரேன்'னாருங்க."

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அவர் போனது வைகாசி. நாங்கள் போனது ஐப்பசி. நடுவில் அதே பெட்டியை நவநீத் எத்தனை பேருக்கு விற்றானோ... அத்தனை பேருக்கு எதிரிலும் அவர் வந்து உட்கார்ந்திருப்பார்.

அவர்களில் எத்தனை பேர் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள்?