பென்சில் பெட்டியை நான்தான் கீழே போட்டேன்

என் அக்காவுக்கு நான் வைத்த பட்டப்பெயர் பென்சிலம்மா. பக்கத்தில் நின்று கூப்பிட்டால் அடி விழும், அதனால் நாலடி தள்ளி நின்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு நாற்பத்தெட்டு. இரண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஒரே வீட்டில் தினமும் நாலு சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருக்கிறோம்.

செயற்கை விரல், செயற்கைக் காது செய்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. விபத்தில் விரல் போனவர்கள் வந்து அவள் எதிரே உட்கார்ந்து, மிச்சமிருக்கிற கையை மேஜைமேல் வைப்பார்கள். அந்தத் தோலின் நிறத்தை அக்கா அட்டையில் அப்படியே இறக்கிவிடுவாள். மூட்டில் லேசான கருப்பு, நகத்துக்கு அடியில் ஒரு துளி சிவப்பு, எதுவும் தப்பாது. அந்த அட்டையைப் பார்த்துத்தான் ரப்பருக்கு நிறம் கலப்பார்கள். அவள் கை பிசகினால் யாருக்கோ யார் விரலோ போய்ச் சேரும்.

அவள் வரைவது பாஸ்டல் பென்சிலில். தொட்டாலே பொடியாக உதிர்கிற வண்ணக்குச்சியை மரத்துக்குள் வைத்திருப்பார்கள். ஷார்ப்னரில் விட்டால் முறுக்கி உடைத்துவிடும். அக்கா பிளேடை அசைக்காமல் பிடித்துக்கொண்டு பென்சிலை மட்டும் மெல்லத் திருப்புவாள். முனையை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்குவாள். முனை உடைந்தால் துண்டை எறியமாட்டாள். அதன் அடியில் ஒரு சொட்டுப் பசை வைத்து, மறுபடி உள்ளே செருகி, வெளியே நூலைச் சுற்றி ஒரு நாள் முழுக்க அசையாமல் வைப்பாள். பெட்டிக்குள் எல்லாம் பஞ்சுமேல் படுத்துத்தான் இருக்கும்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போகூட நீ இப்படிப் பாத்துக்கலையேக்கா" என்பேன்.

"உனக்கு எங்கயாவது வலிச்சா ஊரையே கூட்டிடுவ. இதுங்களுக்கு வாயா இருக்கு?" என்பாள்.

எங்கள் அப்பா முடி திருத்துகிறவர். நாற்பது வருஷம் சவரக்கத்தி பிடித்தும் ஒருவர் முகத்தில் ஒரு கீறல் போடாத கை அவருடையது. ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒருவர் காது மடலில் கத்தி பட்டுவிட்டது. "பிளேடு சரியில்ல" என்றார். அடுத்த வாரம் இன்னொருவருக்குப் பட்டது. "நாற்காலி ஆடுது" என்றார். மூன்றே மாதத்தில் டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. நடுக்குவாதம் என்றார்கள். கடைசி ஆறு வருஷம் நாங்கள் இருவரும்தான் அவருக்குச் சோறு ஊட்டினோம்.

இதெல்லாம் தெரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள். போன மாதம் அலமாரி துடைக்கும்போது முழங்கை பட்டுப் பெட்டி தடாலென்று விழுந்தது. எனக்கு உசிரே போய்விட்டது. திறந்து பார்த்தேன், ஒரு முனைகூட உடையவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து பழுப்பு நிறப் பென்சிலைச் சீவினாள். முனை உடைந்தது. மறுபடி சீவினாள், மறுபடி உடைந்தது. அடுத்த பென்சிலும் அப்படியே.

"பெட்டியத் தொட்டியாடி?"

"நானா? சேச்சே, எனக்கு வேற வேலை இல்லையா?"

அக்கா உடைந்த முனைகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் ஒரு சண்டைகூட இல்லை. அவள் இடது கையால் சாப்பிட ஆரம்பித்தாள். வலது கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டி, விரல்களை விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். நான் வந்தால் சட்டென்று மடித்துக்கொள்வாள்.

வியாழக்கிழமை காலை அவளே சொன்னாள். "அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சுடி. பிளேட நேராப் பிடிக்க முடியல. சனிக்கிழமை ரெண்டு விரல் போன டைப்பிஸ்ட் பொண்ணு ஒருத்தி வர்றா. அவ விரலை நான் கெடுக்க மாட்டேன். நாளைக்கே போய் வேலைய விட்டுட்டேன்னு சொல்லிடறேன்."

எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். அவள் பட்டறைக்குப் போனதும் நாலு பென்சிலை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, விற்ற கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். "என்னய்யா இது, சீவினா உடையுது, சீவினா உடையுது! காசு வாங்கிட்டு மண்ணையா குடுத்தீங்க?"

அவர் ஒரு பென்சிலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். "அம்மா, இதக் கீழ போட்டீங்களா? விழுந்தா வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள முழுக்கத் துண்டு துண்டாயிடும். அப்புறம் எந்த மகாராஜா சீவினாலும் நிக்காது."

அவரைக் கும்பிடாத குறைதான். அக்கா கையில் ஒன்றுமில்லை! எல்லாம் இந்தப் பாவி முழங்கையால் வந்தது. புதிதாக ஒரு பழுப்புப் பென்சில் வாங்கினேன். பஞ்சு சுற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே வந்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "ஒரு வாரமாடி! ஒரு வாரமா நான் செத்துச் செத்துப் பொழைக்கறேன், நீ பாத்துக்கிட்டு இருந்தியா?" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் அழுதேன், சிரித்தேன்.

"கொண்டாடி அந்தப் பென்சில" என்று ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிளேடை நிறுத்திப் பிடித்தாள். மெல்லத் திருப்பினாள். மூன்றாவது சுற்றில் டக்கென்று முனை அவள் மடியில் விழுந்தது.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"இதுவும் விழுந்துச்சாடி?"

"ஆமாக்கா. பஸ்ல இருந்து இறங்கறப்போ கை தவறிடுச்சு. திட்டுவியேன்னு சொல்லல."

"உன் கையில எதைக் குடுத்தாலும் உருப்படாதுடி" என்றாள். மூச்சு விட்டாள். சிரித்துக்கொண்டே பசை பாட்டிலை எடுத்தாள்.

கடையிலிருந்து வீடு வரை அந்தப் பென்சில் என் கையை விட்டு நழுவவே இல்லை. அக்கா பசை பாட்டிலின் மூடியைத் திருகினாள். அது பாட்டில் வாயில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது.

"குடுக்கா, நான் திறக்கறேன்" என்றேன்.