இராமலிங்கத்தின் ஜீவனம்

இடக்கையின் நான்கு விரல்களும் முத்திரைத்தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தன. வலக்கை, பேனாவின் நிப்பைக் காதோர முடியில் ஒரு தேய்ப்புத் தேய்த்து எண்ணெய் ஏற்றிக்கொண்டு, ‘வேங்கிக்கால் கிராமத்திலிருக்கும் சக்கரவர்த்தி குமாரர் அப்பாதுரை’ என்று எழுதி நின்றது. அடுத்து அவருடைய பிழைப்பு வரவேண்டும். பத்திர மொழியில் ஜீவனம். எதிரில் நின்ற அப்பாதுரை ‘வியாபாரம்’ என்றார். என்ன வியாபாரம், கடை எங்கே, கடைசியாக எப்போது திறந்தது என்று கேள்விகள் போயின. கடை மூடி மூன்று வருஷம் ஆகிறது என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் கை நகர்ந்தது. ‘விவசாயம் ஜீவனம்’ என்று எழுதியது.

அந்தக் கை பரசுராமனுடையது. எட்டாவதோடு படிப்பை விட்டவர். திருவண்ணாமலைப் பதிவு அலுவலகத்தின் எதிரே ஒரு கிழ எழுத்தருக்குப் பத்து வருஷம் நகல் எழுதி, நகல் எழுதியதிலேயே தொழிலைக் கற்றுக்கொண்டார். கிழக்கே புளியமரம் என்று யாராவது எல்லை சொன்னால், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஒரு முறை அது வேப்பமரமாக இருந்தது. மலையே சாமியாக நிற்கிற ஊர்தான். ஆனால் அந்தச் சாமிக்கு முன்னால் பொய் சொல்லக் கூசாதவர்கள்கூடப் பரசுராமன் மேசைக்கு முன்னால் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள்.

மேசை இருந்த இடம் அர்ஜுனனுடைய லாட்ஜின் மாடிப்படிக்கு அடியில். பதிவு அலுவலகத்தின் வாசலுக்கு நேர் எதிர். அதைவிட நல்ல இடம் அந்தத் தெருவில் கிடையாது. அர்ஜுனன் போனால் போகிறது என்று விட்டுவைத்திருந்தார்.

1979இல், தீபத்துக்கு இரண்டு மாதம் இருக்கையில், அர்ஜுனன் படியிறங்கி வந்து மேசைமேல் ஒரு கண்ணாடிச் சட்டத்தை வைத்தார். உள்ளே சென்னையில் அச்சான பழைய வியாபாரிகள் டைரக்டரியின் பக்கம் ஒன்று. திருவண்ணாமலை என்ற தலைப்பின் கீழே, ‘இராமலிங்கம், கார்த்திகைக் கான்ட்ராக்டர்’. இராமலிங்கம் அர்ஜுனனுடைய தாத்தா. கார்த்திகை தீபத்துக்கு நெய் சப்ளை செய்த குத்தகைக்காரர் என்பது குடும்பத்தின் பேச்சு. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில், தாத்தா பெயரில் தண்ணீர்ப் பந்தல் ஒன்று கட்டி முடிந்திருந்தது. கல்லில் வெட்டுவதற்கு ‘மகாதீப நெய்க் குத்தகைதாரர்’ என்று நல்ல எழுத்தில் எழுதித் தரவேண்டும்.

டைரக்டரியில் நெய் என்று இல்லையே என்றார் பரசுராமன்.

“எங்க தாத்தா இன்னா பண்ணாருன்னு எனக்குத் தெரியாதா ரைட்டரே?”

“உங்களுக்குத் தெரியும்ங்க. காயிதத்துக்குத் தெரியணும் இல்லீங்களா?”

அர்ஜுனன் சிரித்துவிட்டார். போய்த் தேடு, பஸ் செலவு என்னுடையது என்றார். கிடைக்கப்போவது நெய்தான் என்று அவ்வளவு நம்பிக்கை.

பரசுராமன் பழைய பத்திரங்களில் தொடங்கினார். இராமலிங்கம் நிலம் வாங்கிய பத்திரங்கள் எல்லாவற்றிலும் ‘குத்தகை ஜீவனம்’ என்றே இருந்தது. எழுதியவன் சோம்பேறி என்று பரசுராமன் அவனைத் திட்டிக்கொண்டார். ஒரு பத்திரத்தின் ஓரத்தில், இராமலிங்கத்தின் உயில் வேலூர் கோர்ட்டில் செல்லும் என்று உறுதியாகி, புரோபேட் ஆனதாகக் குறிப்பு இருந்தது. வேலூருக்கு பஸ் ஏறினார். ரெக்கார்டு ரூமில் உயிலின் நகலுக்கு மனு எழுதிக் கொடுத்தார். அது பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அதோடு தைத்திருந்த சொத்துப் பட்டியலை மட்டும் நின்றபடியே பார்க்க விட்டார்கள்.

பட்டியல் இப்படிப் போனது: கட்டை வண்டி நான்கு. மண்வெட்டி பதினெட்டு. மூங்கில் கூடை இருநூற்று நாற்பது. எருக்குழி மூன்று. காய்ந்த வறட்டி, எண்ணப்படவில்லை. நெய்ச்சாடி ஒன்றுகூட இல்லை.

பரசுராமனுக்குப் புரிந்துவிட்டது. தீபத்தையொட்டி நடக்கும் மாட்டுச் சந்தைக்கு ஆயிரக்கணக்கில் மாடு வரும். வந்த மாடு சும்மா நிற்காது. அத்தனையையும் அள்ளிக்கொள்ளும் உரிமையை ஏலம் விடுவார்கள். அந்த ஏலம் எடுத்தவர்தான் கார்த்திகைக் கான்ட்ராக்டர்.

திரும்பி வந்து, மாடியேறி, அர்ஜுனனுடைய அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சேர்த்தார்:

“ரெண்டும் மாட்டுகிட்டருந்துதான் வருதுங்க. எடம்தான் கொஞ்சம் வேற.”

அர்ஜுனனுக்கு ஆறுதல் ஏற்படவில்லை. தாத்தா கூடையில் பூ வைத்திருப்பார் என்றார். மண்வெட்டி எதற்கு என்று பரசுராமன் கேட்டபோது முகம் சிவந்தது. கடைசியில் சொன்னார்: “நெய்யினு எழுதினு வா. இல்லன்னா தீபத்துக்குள்ள மேசையத் தூக்கிடு.”

வீட்டில் மனைவி தனம் கதையை முழுக்கக் கேட்டாள். சோற்றைப் போட்டுவிட்டுத்தான் பேசினாள். “அந்தாளு தாத்தா நெய் ஊத்துனா இன்னா, சாணி அள்ளுனா இன்னா? செத்தவரு வந்து கேக்கப்போறாரா? மேசையத் தூக்கினு எங்க போவீங்க, மலை உச்சிக்கா?”

மறுநாள் பரசுராமன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இடம் பார்த்தார். அங்கே கரும்புச்சாறுக்காரனின் மிஷின் சத்தத்தில் சர்வே நம்பரைக் காதில் வாங்க முடியாது. தாளில் ஈ வேறு உட்காரும். ஒரு பொய், அதுவும் கல்லில், தன் பெயர்கூட இருக்காது. எழுதிவிடலாம் என்று ஒரு நாள் பேனாவை எடுத்தார். ‘நெ’ என்று போட்டதும் நிப் பிளந்தது. நிப் பழசு, அவ்வளவுதான். ஆனால் நான்கு நாளாகியும் புது நிப் வாங்க அவர் கடைப்பக்கம் போகவில்லை.

பதினைந்தாம் நாள் உயிலின் நகல் கைக்கு வந்தது. வேலூர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று படித்தார். படித்துவிட்டு, ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு, மறுபடியும் படித்தார். ஊருக்கு வந்ததும் நேரே மாடிக்குப் போய் அர்ஜுனன் எதிரில் உரக்க வாசித்தார்:

“கார்த்திகைச் சந்தைச் சாணிக் குத்தகை ஜீவனம் இராமலிங்கம் சுயபுத்தியுடன் எழுதி வைத்த உயில். கடைத்தெரு மனை மூத்தவனுக்கு, நன்செய் இளையவனுக்கு. இவையெல்லாம் சாணியால் வந்தவை. என் மக்களோ அவர்கள் மக்களோ எவனாவது என் ஜீவனத்தை வெட்கப்பட்டு மறைத்தாலும் மாற்றிச் சொன்னாலும் அவன் பங்கு மற்றவனைச் சேரவேண்டியது.”

கடைத்தெரு மனைமேல்தான் லாட்ஜ் நின்றது. மற்றவன் என்பது இப்போது இளையவரின் மகன், அர்ஜுனனுக்குச் சித்தப்பா மகன், வேணு. லாட்ஜின் சாக்கடைத் தண்ணீர் தன் சுவரில் படுகிறது என்று அர்ஜுனன்மேல் பதினொரு வருஷமாகக் கேஸ் நடத்துகிறவர். வேறு பொழுதுபோக்கு இல்லாதவர்.

“இதெல்லாம் கோர்ட்ல நிக்குமா?” அர்ஜுனனின் குரல் இறங்கியிருந்தது.

“நிக்காதுனுதான் நெனைக்கிறேன். நான் வக்கீல் இல்லீங்க. ஆனா நிக்காதுனு ஆவறதுக்குப் பத்து வருஷம் ஆவும். நீங்க ரோட்டோரம் கல்லுலயே சாட்சி வெட்டி வெக்கிறீங்க. வேணு கிரிவலம் வராரு.”

அர்ஜுனன் வெறும் பெயரை மட்டும் வெட்டலாமா என்று பார்த்தார். பரசுராமன் ‘மறைத்தாலும்’ என்ற இடத்தில் விரலை வைத்தார். சாணிக்குப் பதில் கோமயம் என்று போட்டால் கொஞ்சம் கோயில் வாசனை வருமே என்றார் அர்ஜுனன்.

“உயில்ல சாணினுதாங்க கீது.”

கீழே யாரோ ரைட்டரைத் தேடும் சத்தம் கேட்டது. அர்ஜுனன் உயிலின் நகலை வாங்கி, இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். “வேணு வந்து கேட்டா உனக்கு ஒண்ணும் தெரியாது. மேசை அங்கயே கெடக்கட்டும். என் கண்ணு எதிர்லயே கெடக்கட்டும்.”

பரசுராமன் இறங்கிப் போய்ப் புது நிப் வாங்கி வந்தார். கல்லின் அகலத்துக்குத் தாளை ஒட்டி, பென்சிலில் கோடிட்டு, காதோர முடியில் நிப்பைத் தேய்த்துக்கொண்டார். ‘கார்த்திகைச் சந்தைச் சாணிக் குத்தகை ஜீவனம் இராமலிங்கம் நினைவுத் தண்ணீர்ப் பந்தல்’. ‘சாணி’க்கும் மற்ற சொற்களுக்கும் ஒரே உயரம், அர்ஜுனன் அதைச் சின்னதாகப் போடச் சொல்லி இரண்டு முறை ஆள் அனுப்பியிருந்தும்.

மை காய்கிறவரை ஊதினார். மடிக்காமல், இரண்டு கையாலும் ஏந்தி மாடிக்குக் கொண்டுபோனார். அர்ஜுனன் மூக்கைச் சற்றே சுளித்தபடி அதை வாங்கிக்கொண்டார்.