செவலைக்குப் போட்ட ஊசி

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு முந்திய வருஷம் எங்கள் செவலைப் பசு இருமத் தொடங்கியது. மாடு இருமும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. அது கழுத்தை நீட்டி, நாக்கைத் தள்ளி இருமுவதைப் பார்ப்பதற்காகவே பள்ளி விட்டதும் மலாக்காவில் எங்கள் வீடு இருந்த காஜா பெராங்குக்கு ஓடிவருவேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழ் வம்சம். நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு. உடுத்துவது மலாய்க்காரிகளின் கெபாயாச் சட்டை, பேசுவது மலாய். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று செவலையைப் பார்த்தவர், "இனி பாத்துக் கெரிங்" என்றார். அப்பாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு. இனி என்றால் இது, பாத்துக் என்றால் இருமல், கெரிங் என்றால் காய்ந்தது. வெறும் வறட்டு இருமல் என்று எங்களுக்கு விளக்கிவிட்டு, மிளகும் வெல்லமும் இடித்து மாட்டுக்கு ஊட்டினார். அந்த இரண்டு சொல்லும் சேர்ந்தால் மலாயில் சயரோகத்துக்குப் பெயர் என்பது அவருக்குத் தெரியாது. மறுநாள் அந்த அம்மாள் பால் வாங்குவதை நிறுத்தியதும் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையாரின் அபிஷேகத்துக்கு ஆகிற பால் இவருக்கு ஆகாதா என்றார்.

அம்மாவுக்கும் அப்போது இருமல் இருந்தது. அதை நெஞ்சுச்சளி என்றே வீட்டில் சொன்னார்கள். சயம் என்ற சொல் வாசல் தாண்டக்கூடாது. கறந்த பாலைக் காய்ச்சாமல் குடிக்கிறவள் அவள். மாட்டிடமிருந்து அவளுக்கு வந்ததா, அவளிடமிருந்து மாட்டுக்குப் போனதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு உதவியாக, டிரஸராக இருந்த மாமா வீட்டுக்கே வந்து அவளுக்கு ஊசி போடுவார். இருமல் அடங்கியதும் அம்மா போதும் என்று பாதியிலேயே நிறுத்திவிட்டாள். நாலு புட்டி மருந்து மிச்சம். வீணாக்குவானேன் என்று மாமா அதைச் செவலையின் தொடையில் ஏற்றினார். மனுஷ மருந்து மாட்டுக்குச் சேருமா என்று கேட்டேன்.

"நோய்க்கு ரெண்டு காலு, நாலு காலுன்னு தெரியுமா?" என்றார்.

செவலையின் இருமல் குறைந்தது. மாமா சில நாள் பெரிய டாக்டரைப் போல நடமாடினார். மழைக்காலம் வந்ததும் மாடும் அம்மாவும் மறுபடி இருமினார்கள்.

மாட்டு டாக்டர் வந்து செவலையின் கழுத்துத் தோலில் ஏதோ குத்திவிட்டுப் போனார். மூன்றாம் நாள் அங்கே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். எனக்கு அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மாளவில்லை. வீங்கினால் சயம் என்று அர்த்தமாம். மாட்டைக் கொண்டுபோய்க் கொன்றுவிட வேண்டும் என்றார்கள். அன்றே மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அப்பாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்த ஊசி இனிமே அக்காவுக்குக் கேக்காதாம்."

எனக்குத் தெரிந்த கணக்கை நான் போட்டேன். அம்மாவின் மருந்தை மாடு தீர்த்துவிட்டது, அதனால் அம்மா சாகப்போகிறாள்.

வேறு மருந்துகளை ஒன்றரை வருஷம் விழுங்கி அம்மா பிழைத்துக்கொண்டாள். அரைகுறையாகப் போட்ட ஊசிக்கு நோய் பழகிவிடும் என்பதும், அதைப் பழக்கிவிட்டவர்கள் நாங்களே என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை. அந்த வாரமே, கொல்லக் கொண்டுபோக லாரியில் ஏற்றும்போது, செவலை தடவிக்கொடுக்கச் சொல்லி வழக்கம்போல என் பக்கம் கழுத்தை நீட்டியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, போய்த் தொலை என்று அதன் காதுபடச் சொன்னேன்.