மதுரையில் வைத்த மிஷின்

மதுரைக்குப் போன வேனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டிரைவர். எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர். ஆமத்தூர் அக்கா ஒருத்தி, மடியில் அவள் மகள்; யார் தொட்டாலும் கடிக்கிற பிள்ளை. விருதுநகரில் வத்தல் கடை வைத்திருந்த பாய். அவர் மகன். சென்னையிலிருந்து வந்து எங்கள் பக்கத்து அங்கன்வாடிகளைச் சுற்றிக்கொண்டிருந்த ஆராய்ச்சிப் பெண். நான். என் மகன். அவனுக்கு நாலு வயது. பேச்சு வரவில்லை.

என் வீட்டுக்காரி வரவில்லை. அவளும் நானும் ஒரே பட்டாசு ஃபேக்டரி. தீபாவளி சீசன். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் லீவு கேட்டால் போர்மேன் வெளியே வழி காட்டிவிடுவார்.

மகன் பேசாததை ஊரில் யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அதற்குக் காரணம் நான். நானும் பேசுகிற ஆள் இல்லை. டீக்கடையில் சொல்வார்கள்: "அப்பன் தீபாவளிக்கு ஒரு வார்த்த, பொங்கலுக்கு ஒரு வார்த்த பேசுவான். மகன் அதையும் மிச்சம் பிடிக்கான்லே." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

ஆனால் அவன் கூப்பிட்டால் திரும்பமாட்டான். வெடிக்குச் சுருட்டிய வெறும் காகிதக் குழாயைத் தரையில் வரிசையாக அடுக்குவான். நாள் பூராவும் அதே வேலை. ஒரு குழாய் நகர்ந்தால் தலையைச் சுவரில் முட்டுவான். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

ஆராய்ச்சிப் பெண் அங்கன்வாடிக்கு மரக்கட்டைகளும் பட அட்டைகளும் கொண்டுவந்தாள். அவனோடு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் ஒரு தாளைப் படித்துக் காட்டினாள். பள்ளிக்கூடம் சேர்வதற்கு முந்தின வயதில் மூளை எப்படி வளர்கிறது, இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு எப்படி வளர்கிறது என்று பார்க்கிறார்களாம். ஆராய்ச்சி என்றாள். மதுரையில் மிஷின் இருக்கிறது என்றாள். வேன், சாப்பாடு எல்லாம் அவர்கள் செலவு. கடைசியில் புரிந்ததா என்று கேட்டாள். படித்தவர்கள் படித்துக் காட்டிவிட்டு அப்படிக் கேட்டால், எங்கள் பக்கம் புரிந்தது என்பதுதான் மரியாதை. புரிந்தது என்றேன். கையெழுத்து மட்டும் எனக்கு வரும். போட்டேன்.

மதுரையில் மிஷின் இருந்த அறைக்கு வெளியே ஒரு நர்ஸ் நின்றாள். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்று தொடங்கினாள். அவள் முடிப்பதற்குள் நான் அவன் இடுப்பிலிருந்த வெள்ளிக்கொடியைக் கழற்றிவிட்டேன். தாயத்தை அறுத்தேன். சட்டை பட்டன் தகரமா என்று பார்த்தேன். என் சாவி, பெல்ட், செல்போன் எல்லாம் எடுத்து வைத்தேன். யாரும் இவ்வளவு சரியாகச் செய்ததில்லை என்றாள் நர்ஸ்.

எங்களுக்கு அது தினப்படி. ஃபேக்டரி கேட்டில் தீப்பெட்டி, பீடி, செல்போன், ஊக்கு, எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். சும்மா காகிதம் ஒட்டுகிற ஷெட்டுக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. வெடி உப்பு கலக்கிற அறைக்குத்தான் தடவித் தடவிப் பார்ப்பார்கள். எங்கே சோதனை அதிகமோ, அங்கே உள்ளே இருக்கிற சரக்குக்கு வீரியம் அதிகம். எங்களுக்குத் தெரிந்த கணக்கு அது. ஃபேக்டரியை விட இங்கே சோதனை அதிகமாக இருந்தது. ஆகையால் இந்த மிஷின் என் மகனைச் சரியாக்கிவிடும் என்று அந்த வாசலில் நின்று முடிவு செய்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. யாரும் அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை.

தூக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். உள்ளே டமடமவென்று சத்தம். ஆமத்தூர் அக்கா பயந்துவிட்டாள். உள்ளே அடைத்துக் கிடப்பதை இடித்து எடுக்கிறது போல என்றாள்.

"எந்த டாக்டரும் இம்புட்டுச் சத்தம் போட்டு வைத்தியம் பாத்ததில்ல தாயி," என்றார் பாய். "இதுக்கும் கேக்கலன்னா எதுக்குமே கேக்காது."

அவர் ஆராய்ச்சிப் பெண்ணிடம், இன்னும் எத்தனை தடவை என்று கேட்டார். அடுத்த வருஷம் இன்னும் ஒரு தடவை வரணும் என்றாள். ஆக, இரண்டு தடவை வைக்கிற வைத்தியம். நாங்கள் மூன்று பேரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

அந்த வருஷம் சூலக்கரையில் பேச்சு வராத பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தது. வாரத்தில் இரண்டு நாள். அங்கன்வாடி டீச்சர் வீட்டுக்கே வந்து சொன்னார். வீட்டுக்காரி போகலாம் என்றாள். இரண்டு நாள் சம்பளம் போகும். போனால் போகட்டும் என்றாள். நான் பொறு என்றேன். மிஷின் வைத்திருக்கிறது, இன்னொரு தடவை வைத்ததும் பார்ப்போம் என்றேன். அவள் இருக்கன்குடி கோயிலுக்குப் போய் அவனுக்கு மொட்டை போட்டு வந்தாள். அதை நான் தடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனாள்.

பாய் மட்டும் மகனை வகுப்புக்கும் அனுப்பினார். அவர் மகன் அவரை "அத்தா" என்று கூப்பிட்டுவிட்டதாக டீச்சர் சொன்னார். மிஷின் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். அவனுக்கு முந்தி, இவனுக்குப் பிந்தி. அன்றைக்கு வீட்டுக்குக் கோழி வாங்கிப் போனேன்.

அடுத்த வருஷம் அதே வேன். ஆமத்தூர் அக்கா வரவில்லை. மிஷின் வைத்த பிறகு பிள்ளை கூடக் கடிக்கிறாள் என்று அவள் புருஷன் விடவில்லையாம். என் மகனை மறுபடி தூங்கவைத்தார்கள். மறுபடி டமடம. முடிந்து அவன் என் தோளில் கிடந்தபோது, பிஸ்கட் கொடுக்க வந்த ஆராய்ச்சிப் பெண்ணிடம் கேட்டேன்.

"எப்ப பேசுவான் பாப்பா?"

அவளுக்கு விளங்கவில்லை. "எதனால கேக்கறீங்க அண்ணா?"

"ரெண்டு தடவ வச்சாச்சுல்ல."

அவள் பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இது வைத்தியம் இல்லண்ணா. மூளையைப் படம் எடுக்கறோம். அவ்வளவுதான். பேச்சுப் பயிற்சிக்குப் போறீங்கதானே?"

"இல்ல."

"ஏன்?"

"மிஷின் வச்சிருக்கேன்னு."

அவள் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வயதில்தான் மூளை வேகமாக வளரும், சொல்லிக்கொடுப்பது இப்போதுதான் நன்றாகப் பிடிக்கும், அதனால்தான் இவ்வளவு சின்னப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறோம் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். முதல் தடவையும் சொல்லியிருப்பாள். அந்தத் தாளில் இருந்திருக்கும். வளருகிற வருஷம் எது என்று அவர்களுக்குத் தெரியும். அது போவதை வருஷத்துக்கு ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒரு பிள்ளையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும் என்றாள். பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு உதவும் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதற்கு நான் என்ன செய்ய.

திரும்பும்போது பாய் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திருமங்கலம் தாண்டியதும் சொன்னார்: "நானும் அப்படித்தான் தம்பி நெனச்சிருந்தேன். வகுப்புக்கு விட்டது வீட்ல சண்ட போட்டதால."

என் வீட்டுக்காரி சண்டை போடவில்லை. நான் பொறு என்றேன், பொறுத்தாள். அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன். சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டு, மகனோடு சூலக்கரைக்குப் போனோம். வகுப்பு எடுக்கிற அம்மா வயதானவர். மகனைக் கூப்பிட்டுப் பார்த்தார். கை தட்டிப் பார்த்தார்.

"இத்தன நாளா எங்கன இருந்தீக?" என்றார்.

நான் சுவரைப் பார்த்தேன். வயது கேட்டார், சொன்னோம். எத்தனை வார்த்தை பேசுவான் என்று கேட்டார். வீட்டுக்காரி விரலை மடக்கிக்கொண்டே சொன்னாள். அம்மா. தா. பூ. உங்களைப் பார்த்துத்தான் அம்மா என்கிறானா என்று அவர் கேட்டார். இல்லை, சுவரைப் பார்த்தும் சொல்வான் என்றாள். அப்படியானால் அதைச் சேர்க்க முடியாது என்றார். வீட்டுக்காரி ஒரு விரலை நிமிர்த்தினாள்.

இரண்டு.