கஜீவனுக்கு அனுப்பிய பெட்டி

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படிக்கவில்லை. வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. ஆனால் இன்றைக்கு லவாலில் சொந்த வீடு, வாசலில் இரண்டு கார், மொன்ட்ரியால் விமான நிலையத்தில் என் பெயர் தைத்த ஜக்கெற். இங்கே எந்தத் தமிழ்க் கலியாண வீட்டுக்கும் போய் "பிளேன் தியாகலிங்கம் ஆர்?" என்று கேட்டுப் பாருங்கள். சோத்துக் கரண்டியோடு நிற்கிறவன்கூடக் கரண்டியாலேயே காட்டுவான்.

பிளேன் ஓட்டுகிறீர்களோ என்று சிலர் கேட்பார்கள். ஓட்டுகிறவன் ஏறி இருக்கிறான், அவ்வளவுதான். எந்தப் பெட்டி முன்னுக்கு, எந்தப் பெட்டி பின்னுக்கு என்று பார்த்துச் சாமான் ஏற்றுகிறவன் நான். நான் ஒரு நாள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் அவன் எதைக் கொண்டு பறப்பான்?

வந்த புதிதில் கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறைக்குள் ஐந்து பேர் படுத்தோம். கிரேக்கன் ஒருவனின் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். பிறகு துணித் தொழிற்சாலை. அதை இழுத்து மூடியபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. இனி ஆர் வேலை தருவார்கள் என்று சனம் சொன்னது. நான் நேரே இந்தக் கொம்பனிக்குப் போனேன். பிரெஞ்சு தெரியுமோ என்றார்கள். "பொன்ஜூர், மெர்சி தெரியும். மிச்சத்தைக் கை கதைக்கும்" என்றேன். ஒரு பெட்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். இரண்டைத் தூக்கினேன். அன்றைக்கே ஜக்கெற் தந்துவிட்டார்கள்.

எங்கள் கொம்பனி றோட்டே இல்லாத வடக்கு ஊர்களுக்குப் பறக்கிற கொம்பனி. அந்த ஊர்களுக்குப் பால், மருந்து, குழந்தைகளின் பம்பர்ஸ், பனியில் ஓடுகிற ஸ்கிடூ வண்டிக்கு எஞ்சின், பிரேதப் பெட்டி, எல்லாம் எங்கள் பிளேனில்தான் போகவேண்டும். கொம்பனியின் சொந்தக்காரர் ரொறன்ரோவில் இருக்கிற கோட்டுக்காரர் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்தப் பனிக்குள் வாழுகிற இனுயிற் சனங்களே சேர்ந்து நடத்துகிறார்கள். ஊர்ச்சனம் எல்லாருக்கும் பங்கு. முந்தி நான் வேலை செய்த இடங்களில் முதலாளியின் முகத்தையே கண்டதில்லை. இங்கே முதலாளி வரிசையில் நின்று, குழந்தைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் சீற் இருக்கோ என்று கேட்பார். இப்படி ஒரு கொம்பனியில் வேலை செய்தால் ஒரு மனிசனுக்கு வாய் கொஞ்சம் நீளாதா?

நீண்டுதான் போனது.

எங்கள் கோயிலுக்கு வருகிற ஜெகதீஸ்வரியின் மகன் கஜீவன் கணக்கு வாத்தியார். மொன்ட்ரியால்-நோரில் வருசக்கணக்காக மற்ற வாத்தியார்மார் வராத நாட்களுக்கு ஓடி ஓடிப் படிப்பித்தான். நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஒரு கலியாண வீட்டில், இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும்போது, நான்தான் சொன்னேன்: "வடக்குக்குப் போடா. வேலையும் தருவாங்கள், வீடும் தருவாங்கள். சாப்பாட்டுக்கு யோசியாதை. பிளேன் என்ரை. கிழமைக்குக் கிழமை அம்மாவின்ரை கறி உன்ரை மேசையிலை நிக்கும்."

அவன் ஆவணியில் போனான், ஹட்சன் குடாக் கரையில் ஒரு சின்ன ஊருக்கு.

தை பிறக்கப் போகிற நேரம் ஜெகதீஸ்வரி என் வீட்டுக்கு வந்தா. சப்பாத்தைக் கழற்ற முன்னமே தொடங்கிவிட்டா.

"தியாகண்ணை, பெடியன் பொங்கலோட வேலையை விட்டிட்டு வாறன் எண்டுறான்."

"ஏனாம்?"

"அங்கை ஒருத்தரோடையும் கதை பேச்சில்லையாம். பள்ளிக்கூடம் விட்டால் கதவைப் பூட்டிப்போட்டு நூடில்ஸ் தின்னுறானாம். விட்டிட்டு வந்தால் திரும்ப அதே ஓட்டம்தானே? நீங்கள்தானே அனுப்பி வைச்சனீங்கள்! கிழமைக்குக் கிழமை கறி எண்டியள். ஒரு கிழமையாவது போச்சுதே?"

என் மனைவி நல்லம்மா குசினிக்குள் இருந்து குரல் கொடுத்தா. "இவர் குப்பை வாளியை வாசலிலை கொண்டுபோய் வைக்கமாட்டார். வடக்குக்குக் கறி அனுப்புவாராமோ?"

ஆம்பிளை இதற்கு மேல் என்ன செய்கிறது? மீசையில் கை வைத்தேன். "ஜெகதீஸ், நீ பெட்டியைக் கட்டு. பொங்கலண்டைக்கு அது உன்ரை பெடியன்ரை கையிலை நிக்கும். நிக்காட்டி இந்த மீசை இராது."

"கேட்டியே ஜெகதீஸ்? சாட்சிக்கு நான் இருக்கிறன்" என்றா நல்லம்மா. சந்தோசமாகத்தான் சொன்னா.

ஜெகதீஸ்வரி கட்டியது பெட்டி இல்லை, பலசரக்குக் கடை. சிவப்பு நிறக் குளிர்ப்பெட்டி. உள்ளே உறைய வைத்த ஆட்டிறைச்சிக் கறி, முறுக்கு, அரியதரம், பயத்தம் பணியாரம், கருவாட்டுப் பொரியல், வறுத்த மிளகாய்த்தூள். பூட்டுவதற்கு நான் மூடியில் ஏறி இருக்க வேண்டி வந்தது.

அந்தக் கிழமை பார்த்து வடக்கில் பனிப்புயல். நாட்கணக்காக ஒரு பிளேனும் இறங்கவில்லை. எங்கள் சாமான் கொட்டகை கூரை முட்ட நிறைந்து கிடந்தது. புயல் விட்டதும் மேற்பார்வைக்காரி செலீன் வந்து நின்றா.

"மிஸ்யூ தியா, மருந்தும் பாலும் முதல். தனியாருடைய பெட்டி எல்லாம் அடுத்த கிழமை."

"அடுத்த கிழமை பொங்கல் முடிஞ்சிடும், மடாம்."

"பொங்கலா? அது என்ன?"

"சூரியனுக்கு நன்றி சொல்லுற நாள்."

செலீன் கதவுக்கு வெளியே பார்த்தா. வானமும் ஓடுபாதையும் ஒரே சாம்பல். "எந்தச் சூரியனுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா.

நான் பெட்டியை இழுத்துக்கொண்டு பயணிகள் நிற்கிற பக்கம் போனேன். அங்கே வரிசையில் சியாசி அம்மா நின்றா. கண் ஒப்பரேசனுக்கு வந்து ஊர் திரும்புகிற கிழவி. கஜீவன் இருக்கிற அதே ஊர். கையில் ஒரு சின்னப் பை மாத்திரம்! பயணத்தில் கையை வீசிக்கொண்டு நிற்கிற ஆளைக் கண்டால் தமிழனுடைய கண் சும்மா இருக்குமா?

என் இங்கிலீசில் விசயத்தைச் சொன்னேன். "அம்மா, உங்கட ஊரிலை கணக்கு வாத்தியார் ஒருத்தன் இருக்கிறான். அவனுக்குத் தாய் அனுப்புற சாப்பாடு. உங்கட பேரிலை ஏத்தட்டோ?"

"திற, பாப்பம்" என்றா.

செலீனுக்கும் சோதிக்கிற ஆட்களுக்கும் முன்னால் வைத்தே திறந்தேன். களவு வேலை எனக்குத் தெரியாது. சியாசி அம்மா ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தா. ஆறுதலாகச் சப்பினா.

"வாத்தியாருக்குப் பெண்சாதி பிள்ளையள் இருக்கோ?"

"இல்லை. தனியத்தான்."

கிழவி பெட்டியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "இவ்வளவும் ஒராளுக்கோ?"

"ஓம்."

கிழவி செலீன் பக்கம் திரும்பி, "இது இப்ப என்ரை பெட்டி" என்றா. செலீன் என்னை ஒரு பார்வை பார்த்தா. முதலாளி சொன்ன பிறகு என்ன கதை? பெட்டியை மெசினுக்குள் விட்டுப் பார்த்துவிட்டு ஏற்றச் சொன்னா. முன்வரிசையில் இடம் பார்த்து வைத்தது என் கைதான்.

பொங்கலன்று பின்னேரம் மீசைக்கு எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தேன். கஜீவனின் போன் வந்தது.

"மாமா! என்ரை பெட்டியை ஆரிட்டைக் குடுத்தனீங்கள்?"

"ஏன்ரா, வரேல்லையோ?"

"வந்தது! ஊருக்கு வந்தது! எனக்கு வரேல்லை!"

நடந்தது இதுதான். சியாசி அம்மா இறங்கின கையோடு ஊர் றேடியோவில் சொல்லிவிட்டா: வாத்தியாருடைய தாய் தெற்கில் இருந்து சாப்பாடு அனுப்பியிருக்கிறா, எல்லாரும் மண்டபத்துக்கு வாங்கோ. அந்த ஊரில் பெரிய சாப்பாடு வந்தால் அது ஊருக்குத்தான். மான் விழுந்தாலும் அப்படி, மீன் பட்டாலும் அப்படி. தனிய இருக்கிறவன் ஒருத்தன் ஒரு பெட்டிச் சாப்பாட்டைக் கதவைப் பூட்டிவிட்டுத் தின்னுவான் என்று அவவுடைய மனசில் தோன்றவே இல்லை.

"பிள்ளையள் வந்து கதவை இடிச்சாங்கள், மாமா. 'சேர், வாங்கோ, உங்கட அம்மாவின்ரை சாப்பாடு முடியப்போகுது' எண்டு. போனால், நிலத்திலை பெட்டி மட்டையை விரிச்சு, ஒரு பக்கம் உறைஞ்ச பச்சை மான் இறைச்சி, பக்கத்திலை அம்மாவின்ரை கறி! கிழவன்மார் உறைப்பிலை கண்ணீர் விட்டு அழுதழுது சிரிக்கினம். அந்த மனிசி என்ரை கையிலை ஒரு கோப்பையைத் தந்து, 'கூச்சப்படாமல் சாப்பிடு' எண்டுது. என்ரை அம்மாவின்ரை கறியை எனக்கே! ஒரு துண்டு இறைச்சிதான் கிடைச்சது, மாமா. முறுக்கும் ஒண்டுதான், அதுவும் முறிஞ்சது."

"அவ முதலாளியடா. நான் என்ன செய்ய?"

போனில் ஒரே சத்தம், சிரிப்பு.

"இப்ப எங்கை நிண்டு கதைக்கிறாய்?"

"மண்டபத்திலைதான். பொறுங்கோ மாமா, மிளகாய்த்தூள் என்னெண்டு செய்யிறது எண்டு ஆரோ கேக்கினம்... ஓ, வாறன்! நாளைக்கு ஐசிலை ஓட்டை போட்டு மீன் பிடிக்க என்னைக் கூட்டிக்கொண்டு போகினமாம். ஆரோ கிழவன் தன்ரை சப்பாத்தையும் தந்திட்டான்."

"அப்ப வேலையை விடேல்லையோ?"

"முதல் என்ரை பெட்டிக்கு மறுமொழி சொல்லுங்கோ!" என்று கத்தினான். ஆனால் ஆரோ கூப்பிட, என் மறுமொழியைக் கேளாமலே போய்விட்டான்.

வேலையை அவன் விடவில்லை. அந்த மாதக் கடைசியில் அதே சிவப்புப் பெட்டி திரும்பி வந்தது, சியாசி அம்மாவின் மருமகனுடைய பெயரில். உள்ளே சிவந்த சதையுள்ள பெரிய மீன்கள். ஒன்று கஜீவன் தானே பிடித்ததாம். எல்லாவற்றிலும் சின்னது அதுதான். ஜெகதீஸ்வரி அதைத் தனியாக எடுத்துக் குழம்பு வைத்து, எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டா.

சாப்பாட்டு மேசையில் நல்லம்மா கைப்பையைத் திறந்து சவர அலகை எடுத்து என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தா.

"பெட்டி கையிலை நிக்கும் எண்டவர். நிக்கேல்லை. சாட்சி நான்."

"பெடியன் அங்கை நிக்கிறானே! நான் அனுப்பின பெட்டியாலைதானே நிக்கிறான்?" என்றேன் நான்.

ஜெகதீஸ்வரி அலகை எடுத்துத் தூர வைத்தா. கறிச்சட்டியைக் கிளறிக்கொண்டு சொன்னா: "மீசை இருக்கட்டும் அண்ணை. பங்குனிக்கு மூண்டு பெட்டி அனுப்ப வேணும், அந்த ஊர்ச்சனம் கேட்டிருக்கினம். பணயம் வைக்க உங்களிட்டை வேறை என்ன இருக்கு?"