கூப்பிட்டால் திரும்பாத குழந்தை

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம். ஆரணியில் நெசவுக்காரர்கள் அதிகமாக வசிக்கும் ஒரு தெருவில், மாடி வீட்டில் குடியிருந்தேன். நானும் என் மூன்றரை வயது மகளும் மட்டும். மனைவிக்கு வங்கியில் பதவி உயர்வு கொடுத்து, இரண்டு நாள் ரயிலில் போக வேண்டிய ஒரு வட இந்திய ஊரில் போட்டுவிட்டார்கள். தெரியாத ஊரில் குழந்தையை வைத்துக்கொண்டு அவளால் வேலைக்குப் போக முடியாது. "நான் பார்த்துக்கறேன், நீ தைரியமா போ" என்று சொன்னவன் நான்தான்.

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். ஆரணியில் யாரையும் தெரியாது. களம்பூர் போகும் பஸ்ஸில் ஏறி, வழியில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் இறங்கிப் பாடம் நடத்துவேன். மகளைப் பக்கத்துத் தெரு நர்சரியில் விட்டுவிட்டு, சாயங்காலம் அழைத்து வருவேன். மற்றபடி அந்த ஊரில் என்னோடு பேசியவர்கள் பால்காரரும் பஸ் கண்டக்டரும்தான்.

கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் ஆறு பவர்லூம் போட்டிருந்தார். காலையில் தறி ஓட ஆரம்பித்தால் மாடியில் டம்ளர் தண்ணீர் நடுங்கும். குடிவந்த புதிதில் அவரிடம் போய், சத்தம் தாங்க முடியவில்லை, என்னால் படிக்க முடியவில்லை என்று புகார் சொன்னேன். "பழகிடும் சார்" என்று சிரித்தார். உண்மையிலேயே பழகிவிட்டது. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காரக் கற்றுக்கொண்டேன்.

பகுதி நேர ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். சாஃப்ட்வேர் ஏஜென்ட்கள் பற்றிய ஆராய்ச்சி. கூட ஆள் இல்லாமல், ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தானாகவே ஒரு வேலையைக் கேட்டு, பதில் வாங்கி முடிப்பது. அவை எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று விதிமுறை எழுதுவதுதான் என் வேலை. ஒன்று கேட்கிறது, மற்றதிடமிருந்து பதிலே வரவில்லை என்றால் என்ன செய்வது? நான் எழுதிய முறைப்படி மூன்று தடவை கேட்கும். மூன்றாவது தடவையும் பதில் வரவில்லையென்றால் 'மறுத்துவிட்டது' என்று குறித்துக்கொண்டு, அதன்பிறகு அதனிடம் எதுவும் கேட்காது. அந்த அத்தியாயத்தை எழுதி முடித்த அன்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஆள் இல்லை. மகளுக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

பாப்பா பிடிவாதக்காரி என்று நினைத்தேன். டி.வி. சத்தத்தை நான் குறைப்பேன், அவள் ஓடிப்போய்க் கூட்டுவாள். "சாப்பிட வா" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அசைய மாட்டாள். இரண்டு தடவை கூப்பிடுவேன், மூன்று தடவை கூப்பிடுவேன், பிறகு போய்க் கையைப் பிடித்து இழுத்து வருவேன். பேச்சும் சரியாக வரவில்லை. பாதி வார்த்தையை முழுங்குவாள். எந்நேரமும் சளி. வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்குவாள். கடைத்தெரு கிளினிக்கில் மருந்து கொடுப்பார்கள், வாங்கி ஊற்றுவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியின் போன் வரும். ரிசீவரைப் பாப்பாவிடம் கொடுப்பேன். காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை வராது. கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓடிவிடுவாள். "என் மேல கோவம். விட்டுட்டு வந்துட்டேன்ல. விடுங்க, கட்டாயப்படுத்தாதீங்க" என்பாள் மனைவி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அம்மா போன கோபத்தை என்மேலும் காட்டுகிறாள் என்று நினைத்து, போகப் போக நானும் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். சோறு போடுவேன், குளிப்பாட்டுவேன், படுக்க வைப்பேன். பல நாட்கள் அந்த வீட்டில் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்க மாட்டோம்.

ஆனால் கீழே போனால் அவள் வேறு குழந்தை. தறி ஓட்டுபவர்களில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா இருந்தார். பாப்பா அவரை அத்தை என்பாள். நர்சரி விட்டு வந்ததும் தறிக்கூடத்து வாசல்படியில் போய் உட்கார்ந்துகொள்வாள். இடிபோன்ற அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்த அம்மா தறியில் நின்றபடியே ஏதோ சொல்வார், இவள் தலையாட்டுவாள், விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் மாடிப்படியில் நின்று பார்ப்பேன். பெற்றவன் சொன்னால் கேட்காதவள் யாரோ ஒருவர் சொன்னால் கேட்கிறாளே என்று பொறாமையாக இருந்தது. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை முற்பகல். வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தேன். பாப்பா என் விரலை விட்டுவிட்டுத் தெரு நடுவில் போய்க் குந்தியிருந்தாள். தரையில் கிடந்த ஏதோ ஒரு வண்ண இழையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து ஒரு மினி வேன் ஹாரன் அடித்தபடி வந்தது. விடாமல் அடித்தான். கடையிலிருந்த எல்லோரும் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை.

நான் பையைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள், தறிக்கூடத்து வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த அந்த அம்மா பாய்ந்து போய் அவளைத் தூக்கிவிட்டார். வேன் கிறீச்சிட்டு ஓரடி தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா சார், கொயந்தய ரோட்டுல வுட்டுட்டு நீ இன்னா பண்ற? அவ்ளோ ஹாரன் அடிக்கிறேன், கேக்கல?" என்று கத்தினான்.

நான் ஓடி வந்து சேர்ந்தேன். பயமெல்லாம் கோபமாக மாறியது. அந்த அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தையின் காலில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அவள் ஏன் அடி விழுந்தது என்று தெரியாமல் என்னையே பார்த்தாள். இரண்டாவது தடவை ஓங்கியபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துவிட்டார்.

"அடிக்காதீங்க சார். அவளுக்குக் கேக்கல."

"கேக்காம என்ன? திமிரு."

"திமிரு இல்ல சார். நெஜமாவே காது கேக்கல. சாப்பாட்டு டைம்ல தறி நிக்கும். கீய வாங்க, காட்றேன்."

ஒரு மணிக்குத் தறிகள் நின்றன. அந்த வீட்டில் அப்படியொரு அமைதியைப் பகலில் நான் கவனித்ததே இல்லை. பாப்பா வாசல்படியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மா அவளுக்குப் பின்னால் நாலடி தூரத்தில் நின்று, சாதாரணமாகப் பேசும் குரலில், "பாப்பா, முறுக்கு துன்றியா?" என்றார். அவள் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னார். திரும்பவில்லை. பிறகு அவள் முன்னால் போய் உட்கார்ந்து, குரலே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பாப்பா உடனே "ம்ம்" என்று கையை நீட்டினாள்.

நான் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன்.

"நாங்க பூரா நாளும் இந்த சத்தத்துல வாயப் பாத்துதான் சார் பேசிகினு இருக்கோம். எனக்கே ரெண்டு காதும் மந்தம். இவ வந்த அன்னிக்கே எனுக்குத் தெரிஞ்சிபோச்சி. கண்ணைப் பாக்காம வாயவே பாத்துகினு இருந்தா."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றேன். குற்றம் சாட்டுவதுபோல என் குரல் ஒலித்தது எனக்கே தெரிந்தது.

"ரெண்டு தபா படி ஏறி வந்தேன் சார். கதவ சாத்திகினு இருந்தீங்க. தனியா ஆம்பள இருக்கிற வூடு. அதும் இல்லாம சத்தம் பேஜாரா இருக்குதுன்னு ஓனராண்ட சொன்னீங்களாமே. நம்ம போய் தட்டினா கோச்சுக்குவீங்களோன்னு கீய வந்துட்டேன்."

திங்கட்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு வேலூருக்குப் பஸ் ஏறினேன். குழந்தைகளுக்கான காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் காதுக்குள் பார்த்துவிட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். சத்தம் உள்ளே வராத ஒரு சின்ன அறை. பாப்பா முன்னால் ஒரு வாளி, கையில் ஒரு மரக்கட்டை. ஸ்பீக்கரில் சத்தம் கேட்டால் கட்டையை வாளியில் போட வேண்டும். சோதனை செய்த பெண் செய்துகாட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. முதலில் பலமான சத்தம். 'டக்' என்று போட்டாள். கை தட்டினோம், அவளுக்குக் குஷி.

பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. அவள் கட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இன்னொரு சத்தம் வந்தது. காத்திருந்தாள். நான் எந்தச் சைகையும் காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எப்போது போடுவது என்று கேட்பதுபோல என் முகத்தையும் அந்தப் பெண் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். போடத் தயாராகத்தான் இருந்தாள், பாவம். இத்தனை நாளாக அவள் இப்படித்தான் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தாள் என்று அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கிறது, அதனால்தான் குறட்டை. செவிப்பறைக்கு உள்ளே நீர் தேங்கிப் பசைபோல ஆகிவிட்டது. "தண்ணிக்குள்ள முங்கிட்டு வெளியில பேசுறத கேட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் இவளுக்கு. பயப்படாதீங்க, சரி பண்ணிடலாம்" என்றார். எத்தனை நாளாக என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு வருடம்கூட இருக்கலாம் என்றார்.

அன்று மாலை மனைவியின் அலுவலகத்துக்கே போன் செய்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அவ உன்மேல கோவமா இல்லம்மா. போன்ல நீ பேசினது அவளுக்குக் கேக்கவே இல்ல" என்றேன். லைன் போய்விட்டதோ என்று "ஹலோ, ஹலோ" என்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மூன்று மாதம் பார்ப்போம், தானாகவே வடியலாம் என்றார் மருத்துவர். அந்த மூன்று மாதமும் கீழே தறி ஓட்டும் அந்த அம்மா சொன்னபடி நடந்தேன். "குந்திகினு பேசுங்க சார். வெளிச்சம் உங்க மூஞ்சில உழணும். நீங்க சிரிச்சா அவளும் பேசுவா." அப்படியே செய்தேன். கதவைத் திறந்தே வைத்தேன். 'மறுத்துவிட்டது' என்ற அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். வழிகாட்டிப் பேராசிரியர் ஏன் என்று கேட்டார். தொழில்நுட்பக் காரணம் ஏதோ சொன்னேன்.

நீர் வடியவில்லை. மனைவிக்கு லீவு கிடைத்த பிறகு, தை மாதம் அறுவை சிகிச்சை நடந்தது. அவளும் வந்திருந்தாள். சதையை எடுத்துவிட்டு, இரண்டு செவிப்பறையிலும் ஆளுக்கொன்றாக இல்லாமல் காதுக்கொன்றாக மிகச் சின்னக் குழாய் வைத்தார்கள். மறுநாள் கட்டிலில் படுத்தபடி பாப்பா மின்விசிறியைக் காட்டி, "ம்மா, அது பேசுது" என்றாள். மனைவி அவள் காதருகே குனிந்து பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டாள். பாப்பா கூச்சத்தோடு திரும்பினாள். ஐந்தாறு தடவை கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் திரும்பினாள்.

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆரணிக்குத் திரும்பிய அன்று, பாப்பாவை ஆசையோடு கீழே அழைத்துப் போனேன். தறிக்கூடத்து வாசலுக்கு வந்ததும் அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீரிட்டு அழுதாள். அத்தை கையை நீட்டிக்கொண்டு வந்தார். இவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "வாணாம், வாணாம்" என்று கதறினாள். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த வாசல்படிதான் அது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவள் அங்கே போகவில்லை.

சில மாதங்களில் சென்னையில் வேலை கிடைத்தது, மனைவிக்கும் மாற்றல் வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். பாப்பா வராமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"வரலன்னா போவுது சார். காது வந்துச்சில்ல, அது போதும். கொஞ்ச நாளு வெறிச்சுனு இருந்துச்சி, அவ்ளோதான்."

"உங்க காதையும் அந்த டாக்டர்கிட்ட காட்டலாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "நல்லா கேட்டுச்சின்னா இங்க எப்படி சார் நிக்கிறது?"

தறி ஓடத் தொடங்கியது, அவர் உள்ளே போய்விட்டார். அதன்பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். போனை எடுத்தால் வைக்க மாட்டாள். அந்த வருடத்தைப் பற்றிக் கேட்டால் எதுவுமே ஞாபகம் இல்லை என்கிறாள், அந்த அத்தையின் முகம்கூட. எனக்குத்தான் மறக்கவில்லை. யாருமே தெரியாத ஊரில் தன்னந்தனியாகக் கிடக்கிறேன் என்று நான் என்னை நினைத்தே வருத்தப்பட்டுக்கொண்டிருந்த அந்த நாட்களில், என்னைவிடத் தனியாக ஒரு ஜீவன் என் கையால் சோறு சாப்பிட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.