பக்கத்துக் காணியின் மின்னஞ்சல்

சமாதான காலத்தில் கிளிநொச்சியில் நான் வேலை செய்த நிவாரண அலுவலகத்தில் செய்மதி வழி இணைய இணைப்பு இருந்தது. பக்கத்துக் காணியில், காணாமல்போன கணவன்மாரைத் தேடும் பெண்களின் நிலையம். அவர்களுக்குச் சொந்த மின்னஞ்சல் முகவரி இருந்தது, இணைப்புத்தான் இல்லை. அவர்களுடைய அஞ்சலையும் எங்கள் சேர்வர் வாங்கி அனுப்பும்படி அமைத்துக் கொடுத்தேன். முதல் பதில் வந்த அன்று நிலையப் பொறுப்பாளர் அக்கா பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து தந்தா.

மறுநாள் எங்கள் முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அவையின்ர மெயில் எல்லாத்திலயும் எனக்கொரு கொப்பி வாற மாதிரிச் செய்யும்."

"ஏன் சேர்?"

"எங்கட லைன்தானே. சும்மா வாசிக்கத்தான். பின்னேரத்தில பொழுது போகுதில்லை."

அந்தப் பெண்கள் அழுதழுது எழுதியதை இந்த மனுசன் தேத்தண்ணியோடு வாசிக்கப் போகிறார். ஏலாது என்றேன். வவுனியாவிலிருந்து வேறு ஆளைக் கூப்பிடுகிறேன் என்று சிரித்தார்.

நேரே அக்காவிடம் போய்ச் சொன்னேன். "எங்கட முகவரியை உங்கட சேர்வரில இருந்து எடுத்துவிடுங்கோ தம்பி" என்றா.

எடுத்துவிட்டேன். அதன்பிறகு அவா பஸ் ஏறி, ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி, வவுனியாவுக்குப் போய்த்தான் மின்னஞ்சல் அனுப்பினா. முகாமையாளரோ அவர்களுக்கு இணைப்புக் கொடுத்து உதவியதாகவே மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார். தட்டச்சு செய்யச் சொல்லி அவர் நீட்டியபோது அந்தத் தாளைத் தொடவே அருவருப்பாக இருந்தது.